அரிசோனாச் சாலை

பொஸ்னியா-ஹெர்சகோவினாவின் தலைநகரான சரயேவோவிலிருந்து வடக்கே புறப்பட்டு, ஓலோவோ, கிளாதான்ய் ஆகிய மலையூர்களைக் கடந்து, உப்புக்கும் நிலக்கரிக்கும் பெயர்பெற்ற தூஸ்லாவை அடைந்து, அங்கிருந்து சமவெளியில் இறங்கிச் சாவா ஆற்றங்கரையிலுள்ள பிர்ச்கோவில் முடியும் வழி ஏறத்தாழ 200 கிலோமீட்டர் நீளமுள்ளது. காலையில் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். 1992 முதல் 1995 வரை நடந்த போரில் ஏறத்தாழ 1 லட்சம் பேர் உயிரிழந்து, 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடு வாசலை விட்டு வெளியேறிய இந்த நாட்டில், அமைதி வந்த பிறகு பொருளாதாரம் எவ்வாறு எழுந்தது, எழுந்ததை ஊழல் எவ்வாறு அரித்தது என்று அறிய விரும்புகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான வழி வேறில்லை. அறிக்கைகளில் தனித்தனியே கிடக்கும் செய்திகள் இந்தச் சாலையோரம் சுரங்கமாகவும் ஆலையாகவும் சந்தையாகவும் கண்ணுக்குத் தெரிகின்றன.

வழியின் உண்மையான தொடக்கம் நகரின் தென்மேற்கே, விமான நிலையத்தின் ஓடுபாதைக்கு அப்பால், பூத்மிர் என்னும் சிற்றூரிலுள்ள ஒரு வீடு. சரயேவோ நகரம் பொஸ்னிய செர்பியப் படைகளின் முற்றுகையில் 1425 நாட்கள் கிடந்தபோது, 1993இல், இந்த வீட்டுக்கும் நகரின் தோப்ரின்யா பகுதிக்கும் இடையே, ஐ.நா. படையின் பொறுப்பிலிருந்த ஓடுபாதைக்கு அடியில், ஏறத்தாழ 800 மீட்டர் நீளத்துக்குச் சுரங்கம் ஒன்று தோண்டப்பட்டது. இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் இவ்வீட்டில் சுரங்கத்தின் சிறு பகுதி மட்டும் பார்வையாளருக்குத் திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. இரும்பும் மரமும் முட்டுக்கொடுத்த அந்தப் பாதையில் ஓர் ஆள் நிமிர்ந்து நடக்க முடியாது. இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். தரையில் பதித்த தண்டவாளத்தின்மேல் சரக்கு ஏற்றிய சிறு வண்டிகளைக் குனிந்தபடியே தள்ளிச் சென்றிருக்கிறார்கள். மாவும் மருந்தும் ஆயுதமும் எரிபொருளும் இவ்வழியே உள்ளே வந்தன. காயமுற்றோர் இவ்வழியே வெளியேறினர். நகரம் உயிர்பிழைத்ததற்கு இச்சுரங்கமும் ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை.

ஆயினும் அதே தண்டவாளத்தில்தான் கள்ளச்சந்தைக்கான சிகரெட்டும் காப்பித்தூளும் சர்க்கரையும் வந்தன. சுரங்கத்தில் யார் நுழையலாம், எந்தச் சரக்கு முதலில் போகலாம் என்பது அனுமதிச் சீட்டு வழங்கும் கையைப் பொறுத்திருந்தது; அந்தக் கையைத் தெரிந்தவர் செல்வரானார், தெரியாதவர் தம் வீட்டுப் பாத்திரம் பண்டங்களை விற்று மாவு வாங்கினார். முற்றுகைக்குட்பட்ட நகரம் தாக்குப்பிடிக்கக் கள்ள வணிகம் உதவியது என்பதோடு, முற்றுகை நீடிப்பதில் இரு தரப்பிலும் சிலருக்கு ஆதாயம் இருந்தது என்பதையும் அமெரிக்க அரசியல் ஆய்வாளர் பீட்டர் ஆண்ட்ரியாஸ் 2008இல் வெளியான தம் நூலில் விரிவாகக் காட்டியுள்ளார். நகரின் காவலர்களாகப் போற்றப்பட்ட படைத்தலைவர்களில் சிலர் அதே நேரத்தில் மிரட்டி வசூலிக்கும் கும்பலின் தலைவர்களாகவும் இருந்தனர். அவர்களுள் ஒருவரான மூஷான் தோபாலோவிச் பொதுமக்களை இழுத்துச் சென்று பதுங்குகுழி வெட்டவைத்தவர். அவருடைய படையினர் செர்பிய இனத்துக் குடிமக்களைக் கொன்றனர். 1993 அக்டோபரில் அரசே படையெடுத்து அவரை ஒழிக்க வேண்டியதாயிற்று. போர் முடிந்து 1996இல் அவருடைய உடல் மறு அடக்கம் செய்யப்பட்டபோது பல்லாயிரம் பேர் திரண்டனர். அந்தக் கூட்டத்தை வெறும் அறியாமை என்று ஒதுக்குவது தவறு. அரசு காக்காத காலத்தில் காத்தவரிடம், அவர் கொள்ளையரே ஆனாலும், மக்கள் கொண்ட நன்றி அது. போருக்குப் பிந்தைய ஊழலுக்கு அடித்தளமிட்டதும் இத்தகைய நன்றிதான்.

1995 நவம்பரில் அமெரிக்காவின் டேட்டன் நகரில் முடிவாகி டிசம்பரில் பாரிசில் கையெழுத்தான அமைதி உடன்படிக்கை துப்பாக்கிகளை ஓயச் செய்தது. அதற்காக அது கொடுத்த விலை, ஆட்சியைப் பல துண்டுகளாகப் பிரித்ததாகும். நாட்டின் 51 விழுக்காடு நிலம் பொஸ்னியாக் முஸ்லிம்களும் குரோவாசியர்களும் சேர்ந்த கூட்டமைப்புக்கும், 49 விழுக்காடு செர்பியர்களின் ரெபுப்ளிகா ஸ்ர்ப்ஸ்காவுக்கும் சென்றன. கூட்டமைப்புக்குள் மேலும் 10 மாவட்ட அரசுகள் அமைந்தன. அவை தமக்கென அமைச்சரவையும் சட்டமன்றமும் உடையவை. மைய அரசையும் பின்னர் உருவான பிர்ச்கோ மாவட்டத்தையும் சேர்த்தால், 35 லட்சம் மக்களுக்கு 14 அரசுகள். ஒவ்வொரு அரசும் ஒரு கட்சிக்குப் பதவிகளின் களஞ்சியம் ஆயிற்று. போரின்போது சாவடியையும் சுரங்கத்தையும் கையில் வைத்திருந்தோர் இப்போது அமைச்சகத்தையும் சுங்கத்தையும் அரசு நிறுவனங்களின் நிர்வாகக் குழுக்களையும் கையில் எடுத்துக்கொண்டனர்.

இந்த ஏற்பாடு நடைமுறையில் எவ்வாறு இயங்கியது என்பதற்குப் 'பணப்பட்டுவாடா நிலையம்' ஒரு நல்ல சான்று. யூகோஸ்லாவியக் காலத்தில் ஒரு நிறுவனம் மற்றொன்றுக்குப் பணம் செலுத்த வேண்டுமானால், வங்கியின் மூலம் செலுத்த இயலாது; இந்த அரசு நிலையத்தின் மூலமே செலுத்த வேண்டும். வரி வசூலும் கணக்கு வைப்பும் அதன் பொறுப்பே. போர் அந்த நிலையத்தை மூன்றாக உடைத்தது. மூன்றும் மூன்று இனக் கட்சிகளின் பிடியில் போயின. நாட்டில் புழங்கிய ஒவ்வொரு காசும் ஏதேனும் ஒரு கட்சியின் கண்ணெதிரே சென்றது. கட்டணமும் அங்கேயே கழிக்கப்பட்டது. உலக வங்கியும் ஐரோப்பிய ஒன்றியமும் முன்னின்று 510 கோடி டாலர் மதிப்பிலான நான்காண்டு மறுசீரமைப்புத் திட்டத்தைத் தீட்டி, பாலமும் பள்ளியும் மின்கம்பியும் அமைக்க முனைந்த அதே ஆண்டுகளில், நாட்டின் சொந்த வருவாய் இவ்வாறு கசிந்துகொண்டிருந்தது. 2001ஆம் ஆண்டுத் தொடக்கத்தில்தான் அந்த நிலையங்கள் மூடப்பட்டன.

வெளிநாட்டு உதவிப் பணம் பெருமளவில் திருடப்பட்டது என்ற பேச்சு 1999இல் உலகெங்கும் எழுந்தது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு அடுத்த ஆண்டு ஆராய்ந்து, உதவித் தொகை பெரிய அளவில் மோசடிக்கு உள்ளானதற்குச் சான்று இல்லை என்று கூறியது. ஆனால் அதே அறிக்கை, உள்ளூர் அரசுகள் ஊழலால் இழந்த வருவாயை வெளிநாட்டு உதவி ஈடுகட்டிக்கொண்டிருக்கக்கூடும் என்றும் சுட்டியது. இரண்டாவது கூற்றே கவனிக்க வேண்டியது. பள்ளிக்கூடத்தை அயல்நாடு கட்டித் தருமானால், பள்ளிக்கென வசூலான வரி எங்கே போனது என்று கேட்க எவருக்கும் அவசரம் இராது. உதவியின் அளவைக் கொண்டு ஒரு நாட்டின் மீட்சியை அளப்போர் இந்த இடத்தில்தான் ஏமாந்துபோகிறார்கள்.

சரயேவோவை விட்டு வெளியேறும் முன் பயணியின் கைக்கு வரும் பணத்தாளைச் சற்று நின்று பார்ப்பது தகும். 1998இல் வெளியான 'மாற்றத்தகு மார்க்' என்னும் இந்நாணயத்தின் 10 மார்க் தாள் இருவகைப்படும். கூட்டமைப்புக்கென அச்சிட்டதில் மாக் திஸ்தார் என்னும் கவிஞரும், ரெபுப்ளிகா ஸ்ர்ப்ஸ்காவுக்கென அச்சிட்டதில் அலெக்ஸா ஷாந்திச் என்னும் கவிஞரும் இருக்கிறார்கள். மதிப்பும் அளவும் ஒன்றே. இரு தரப்பும் ஒரு கவிஞரில் உடன்படவில்லை, ஆனால் காய்கறிக் கடைக்காரர் இரண்டையும் ஒன்றாகவே பெட்டியில் போடுகிறார். இந்தப் பணம் நிலைத்ததற்குக் காரணம் 'நாணய வாரியம்' என்னும் முறை: மைய வங்கி தன்னிடமுள்ள அயல்நாட்டு நாணயத்துக்கு ஈடாக மட்டுமே உள்நாட்டுப் பணத்தை வெளியிடலாம், அரசுக்குக் கடன் தரக் கூடாது. தொடக்கக் காலத்தில் ஏறத்தாழ ஏழாண்டுகள் அந்த வங்கியின் தலைவராக நியூசிலாந்துக்காரரான பீட்டர் நிக்கல் இருந்தார். எந்தக் கட்சியாலும் அச்சடிக்க முடியாத பணம் என்பதால், முதலில் ஜெர்மன் மார்க்கோடும் பிறகு யூரோவோடும் பிணைக்கப்பட்ட அதன் மதிப்பு இன்றுவரை மாறவில்லை.

மலைச் சாலையில் எதிரே வரும் வாகனங்களின் எண் பலகைகளும் இவ்வகையானவையே. போர் முடிந்த தொடக்க ஆண்டுகளில் ஒரு காரின் பலகையே அதன் உரிமையாளர் எந்த இனத்தவர் என்று காட்டிக்கொடுத்தது. எல்லைக்கோட்டைத் தாண்டினால் கல்லடியோ அதைவிடக் கொடியதோ காத்திருக்கலாம் என்று மக்கள் அஞ்சினர். 1998இல் அமைதி உடன்படிக்கையின் நிறைவேற்றத்தை மேற்பார்த்த சர்வதேச உயர் பிரதிநிதி, ஊரையும் இனத்தையும் காட்டாத பொதுப் பலகையைக் கட்டாயமாக்கினார். லத்தீன் எழுத்திலும் சிரிலிக் எழுத்திலும் ஒரே வடிவமும் ஒரே ஒலியும் உடைய ஏ, ஈ, ஜே, கே, எம், ஓ, டி என்னும் ஏழெழுத்துகள் மட்டுமே அதில் இடம்பெற்றன. ஏழெழுத்தில் ஒரு நாட்டின் சாலைகள் திறந்தன எனலாம். செலவு மிகக் குறைந்த இந்த மாற்றம், கோடிக்கணக்கில் செலவிட்ட பல திட்டங்களைவிட வணிகத்துக்கு அதிகம் உதவியது.

தூஸ்லா தொழிலாளர் நகரம். போர்க்காலத்திலும் இன வெறிக் கட்சிகளை ஆட்சிக்கு வரவிடாத பெருமை அதற்குண்டு. நகர மையத்தில் உப்புநீர் ஏரிகளை வெட்டி, கோடையில் மக்கள் நீந்தி மகிழ வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து சற்றுத் தொலைவில், அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகளுக்கு அருகே, வேதிப்பொருள் ஆலைகளின் வளாகங்கள் நீண்டு கிடக்கின்றன. யூகோஸ்லாவியா முழுவதற்கும் சலவைத்தூள் செய்து அனுப்பிய தித்தா ஆலை இவற்றுள் ஒன்று. போர் இந்த ஆலைகளைச் சிதைத்தது என்பது பாதி உண்மை. பல ஆலைகள் குண்டுக்குத் தப்பி, தனியார்மயத்தில் அழிந்தன.

அந்தத் தனியார்மயம் நடந்த விதம் இது: 1990களின் இறுதியில் அரசு தன் நிறுவனங்களை விற்க முற்பட்டபோது, குடிமக்களுக்கும், சம்பளப் பாக்கிக்கு ஈடாக முன்னாள் படைவீரர்களுக்கும், பங்கு வாங்கும் உரிமை தரும் சான்றிதழ்களை வழங்கியது. அடுப்பெரிக்க விறகில்லாத குடும்பத்துக்கு ஆலைப் பங்கு எதற்கு? முகமதிப்பில் ஒரு சிறு பகுதிக்கு அவை விற்கப்பட்டன; மொத்தமாக வாங்கியோர் கையில் பணமும் கட்சித் தொடர்பும் உடையோரே. ஆலையை வாங்கியவர் அதன் நிலத்தையும் கட்டடத்தையும் வங்கியில் அடகு வைத்துக் கடன் பெறுவதும், கடன் பணம் வேறு தொழிலுக்குப் போவதும், ஆலை ஓய்வதும், தொழிலாளிக்குச் சம்பளமும் ஓய்வூதியச் சந்தாவும் ஆண்டுக்கணக்கில் நிலுவையில் நிற்பதும் ஊர்தோறும் நடந்தன. சந்தா கட்டப்படாததால் முப்பது ஆண்டு உழைத்தவர் ஓய்வு பெறவும் முடியவில்லை.

2014 பிப்ரவரி 5ஆம் நாள் தித்தா உள்ளிட்ட சில ஆலைகளின் தொழிலாளர்கள் தூஸ்லா மாவட்ட அரசு அலுவலகத்தின் முன் கூடினர். இரண்டு நாட்களில் அந்தக் கட்டடம் தீக்கிரையானது. போராட்டம் சரயேவோ, ஸெனிட்ஸா, பிஹாச் நகரங்களுக்குப் பரவி, நான்கு மாவட்டங்களின் பிரதமர்கள் பதவி விலகினர். போராடியோர் ஏந்திய வாசகங்களில் ஒன்று, நாங்கள் மூன்று மொழிகளில் பசித்திருக்கிறோம் என்ற பொருளுடையது. இன வேறுபாட்டை முன்னிறுத்தியே கட்சிகள் வாழும் நாட்டில் இதைவிடத் துணிவான கூற்று இருக்க முடியாது. தித்தாத் தொழிலாளர்கள் பிறகு ஆலையை விட்டுப் போகாமல், கிடைத்த மூலப்பொருளைக் கொண்டு தாங்களே 2015இல் உற்பத்தியைத் தொடங்கினர்; கடைகளில் அந்தத் தூளைத் தேடி வாங்குவதை மக்கள் கடமையாகக் கொண்டனர். 2017இல் தூஸ்லாவைச் சேர்ந்த வணிக நிறுவனம் ஒன்று ஆலையை வாங்கிக்கொண்டது.

அங்குள்ளோர் அன்றாடம் புழங்கும் ஒரு சொல்லை விளக்காமல் இந்நகரைக் கடக்கக் கூடாது. 'ஷ்தேலா' என்பது அது. ஒரு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, மருத்துவமனையில் படுக்கை வேண்டும்போது, பிள்ளைக்கு இடம் கேட்கும்போது, உள்ளே இருந்து கைதூக்கிவிடும் ஆளையும் அந்த உறவையும் அச்சொல் குறிக்கும். தமிழில் 'சிபாரிசு' என்பது நெருங்கி வரும். 'உள்ளே ஆள் இருக்கிறதா' என்று தமிழர் கேட்பதும் ஏறத்தாழ அதுவே. லஞ்சம் தருவது இழிவு என்று கருதுவோரும் ஷ்தேலாவைத் தேடுவதை இழிவாகக் கருதுவதில்லை, ஏனெனில் முற்றுகைக் காலத்தில் உயிர் காத்ததும் அத்தகைய தொடர்பே. சட்டத்தால் இதை ஒழித்துவிடலாம் என்று வெளிநாட்டு வல்லுநர்கள் நம்பியது அவர்களின் பெரிய குறை.

தூஸ்லாவிலிருந்து வடக்கே, ஸ்ரெப்ரெனிக் கோட்டையைத் தாண்டிச் செல்லும் சாலைக்கு நேட்டோ படையின் வரைபடத்தில் 'அரிசோனா' என்று பெயர். மலைகள் தாழ்ந்து, சோளக் கொல்லைகளும் பிளம் தோட்டங்களும் விரிகின்ற இடத்தில், மூன்று தரப்புப் படைகளும் எதிரெதிரே நின்ற கோட்டுக்கு அருகே, 1996இல் அமெரிக்கப் படையினர் ஒரு சாவடி அமைத்தனர். பாதுகாப்பான இடம் அது ஒன்றே என்பதால், நேற்றுவரை ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டிருந்த பொஸ்னியாக், குரோவாசிய, செர்பியக் குடும்பங்கள் அங்கே வந்து, காரின் பின்பெட்டியைத் திறந்து வைத்து, காப்பியும் முட்டையும் ஆடுமாடும் பண்டமாற்றுச் செய்யத் தொடங்கின. பிரிந்துபோன உறவினர்களும் பழைய அயலாரும் சந்தித்துக்கொண்டதும் அங்கேதான். படைத் தலைமை அதை ஊக்குவித்தது. தலைவர்கள் கைகுலுக்கும் முன்பே மக்கள் விலை பேசிவிட்டனர்.

சில ஆண்டுகளில் அரிசோனாச் சந்தை ஆயிரக்கணக்கான மரக் கடைகளோடு, பால்கன் பகுதியிலேயே பெயர்பெற்ற வணிகத் தலமாயிற்று. குரோவாசியாவிலிருந்தும் செர்பியாவிலிருந்தும் மக்கள் வந்து வாங்கினர். அங்கே வரி இல்லை, உரிமம் இல்லை, ரசீது இல்லை. நாட்டின் ஒரு பகுதிக்கென இறக்குமதியாவதாக எழுதிய சிகரெட்டும் பெட்ரோலும் மறு பகுதிக்குள் மறைந்துவிடும். இரு பகுதிகளின் கலால் வரி விகிதமும் வேறுபட்டிருந்ததும், ஒன்றின் சுங்கத் துறைக்கு மற்றதன் கணக்குத் தெரியாமலிருந்ததும் இந்த மாயத்துக்குப் போதுமானவை. திருட்டுக் கார்களும் போலிக் குறுவட்டுகளும் விற்றன. அதோடு நிற்கவில்லை: மால்டோவா, உக்ரைன், ருமேனியா நாடுகளிலிருந்து வேலை தருவதாக ஏமாற்றி அழைத்துவரப்பட்ட பெண்கள் சந்தையைச் சுற்றியிருந்த இரவு விடுதிகளுக்கு விற்கப்பட்டனர், உள்ளூர்க் காவலரும் அமைதி காக்க வந்த சர்வதேசக் காவலரில் சிலரும் இதற்கு உடந்தையாக இருந்ததை மனித உரிமை அமைப்புகள் ஆவணப்படுத்தின. அரிசோனாவைக் கட்டற்ற வணிகத்தின் வெற்றி என்று புகழ்ந்து எழுதியவர்கள் உண்டு. அந்தப் பெண்களை மறந்துவிட்டு எழுதிய புகழ்ச்சி அது.

சந்தையை இடிப்பதா, ஒழுங்குபடுத்துவதா என்ற கேள்விக்கு, சந்தை அமைந்திருந்த பிர்ச்கோ மாவட்டத்தின் சர்வதேச மேற்பார்வையாளர் இரண்டாவதைத் தேர்ந்தார். 2001இல் இத்தாலிய முதலீட்டுடன் கூடிய ஒரு கூட்டு நிறுவனத்துக்கு 20 ஆண்டுக் குத்தகையில் நிலம் தரப்பட்டது. தங்கள் நிலம் எடுக்கப்பட்டதை எதிர்த்து உரிமையாளர்கள் சாலையில் இறங்கினர். ஊழலை ஒழிக்கப் போடப்பட்ட ஒப்பந்தமே சிலருக்கு அநீதியாயிற்று. இன்று அங்கே செல்கிறவர் காண்பது கூரையிட்ட நடைபாதைகள், எண்ணிட்ட கான்கிரீட் கடைகள், சீன வணிகர்களின் துணி மூட்டைகள், மேசை நாற்காலிக் கிடங்குகள், செவாப்பி என்னும் இறைச்சி உருளைகளைச் சுடும் கரியடுப்புகளின் புகை. கடைக்காரர் பணப்பெட்டியிலிருந்து சிறிய ரசீது ஒன்றைக் கிழித்துத் தருகிறார். விரல் நீளமுள்ள அந்தத் தாளில் 17 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரி தனியாக அச்சாகியிருக்கிறது.

அந்தத் தாளுக்குப் பின்னால் பத்தாண்டுப் போராட்டம் உண்டு. தனித்தனியே இயங்கிய சுங்கத் துறைகளை ஒன்றாக்கி, பான்யா லூக்காவைத் தலைமையிடமாகக் கொண்டு மறைமுக வரி ஆணையம் அமைந்தது. 2006 ஜனவரி 1 முதல் நாடெங்கும் ஒரே விகிதத்தில் வரி நடைமுறைக்கு வந்தது. சுங்கம், கலால், மதிப்புக் கூட்டு வரி ஆகிய எல்லா வருவாயும் ஒரே கணக்கில் சேர்ந்து, பிறகே அரசுகளுக்குப் பங்கிடப்படுகிறது. சரக்கு எந்தப் பகுதிக்குப் போகிறது என்று பொய் எழுதுவதால் இனி எவருக்கும் ஆதாயமில்லை என்பதால், பழைய மாயம் பெருமளவில் ஓய்ந்தது. ஒரு நாட்டின் மீட்சியில் நேர்மையான மனிதர்களைவிட, நேர்மையின்மையால் இலாபம் வராதபடி கட்டிய கணக்கு முறை அதிகம் சாதித்த இடங்களில் இதுவும் ஒன்று.

பிர்ச்கோ நகரில் போர் கொடுமையாக நடந்தது; ஆற்றுத் துறைமுகமான லூக்காவில் 1992இல் தடுப்பு முகாம் இருந்தது, அங்கே நடந்த கொலைகளுக்காக ஹேக் நீதிமன்றம் தண்டனை வழங்கியது. நகரம் எந்தத் தரப்புக்கு என்பது டேட்டனில் முடிவாகாமல் நடுவர் தீர்ப்புக்கு விடப்பட்டு, 1999இல் வந்த தீர்ப்பின்படி 2000 மார்ச் 8 முதல் எந்தத் தரப்புக்கும் தனியே சொந்தமாகாத தன்னாட்சி மாவட்டமாயிற்று. மூன்று இனப் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் படித்தனர். காவல் படை ஒன்றானது. இரட்டைக் கணக்கும் இரட்டை அலுவலகமும் நீங்கியதால் வரிப் பணம் தெருவிளக்காகவும் சம்பளமாகவும் திரும்பி வந்தது. இந்த ஒழுங்கு, எவரையும் பதவி நீக்க வல்ல ஒரு வெளிநாட்டு மேற்பார்வையாளரின் அதிகாரத்தில் நின்றது என்பதை மறைக்க வேண்டியதில்லை. 2012இல் அவரது பணி நிறுத்தி வைக்கப்பட்ட பின், இங்கும் அரசு வேலை கட்சிக்காரருக்குப் பரிசாகும் பழக்கம் வேர்விட்டது.

நாடு முழுவதையும் நோக்கினால் நிலை மேலும் கவலைக்குரியது. டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் அமைப்பின் ஊழல் உணர்வுக் குறியீட்டில் 2012இல் 42 புள்ளி பெற்ற பொஸ்னியா 2024இல் 33க்கு இறங்கியது. 2020இல் கொரோனாப் பெருந்தொற்றின்போது, ராஸ்பெர்ரிப் பழம் பதப்படுத்தும் நிறுவனம் ஒன்றுக்கு 100 சுவாசக் கருவிகளை இறக்குமதி செய்ய 1 கோடியே 5 லட்சம் மார்க் ஒப்பந்தம் தரப்பட்டது. வந்த கருவிகள் தீவிர சிகிச்சைக்கு உதவாதவை. இவ்வழக்கில், அப்போது கூட்டமைப்பின் பிரதமராக இருந்தவருக்கு 2023இல் நீதிமன்றம் 4 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

பிர்ச்கோவின் தெருக்கள் சாவா ஆற்றில் முடிகின்றன. அங்குள்ள பாலம் 1992 ஏப்ரல் 30 அன்று, மக்கள் கடந்துகொண்டிருந்தபோதே வெடிவைத்துத் தகர்க்கப்பட்டுப் பின்னர் மீண்டும் கட்டப்பட்டது. அதன் மறுகரையிலுள்ள குன்யா ஊர் குரோவாசியாவைச் சேர்ந்தது, 2013 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லை. தொழில் தகுதி எதுவாயினும் வேலை ஒப்பந்தம் இருந்தால் போதும் என்று மேற்கு பால்கன் நாட்டினருக்கு ஜெர்மனி 2016இல் வழிதிறந்த பிறகு, இளைஞர் பலர் இந்த வழியாகவே வெளியேறுகின்றனர். மாலை வேளையில் சுங்கச் சாவடியின் முன் வரிசையில் நிற்கும் கார்களின் பலகைகளில் அந்த ஏழெழுத்துகளே இருக்கின்றன; எந்த ஊரிலிருந்து, எந்த இனத்திலிருந்து போகிறார்கள் என்று அவற்றைப் பார்த்துச் சொல்ல முடியாது.